சீட்டுக்கு அடியில ஒரு சின்ன டப்பா!

‘இதை மாட்டினா வண்டி பறக்கும் மச்சி!’ என்கிறது ஒரு கோஷ்டி. ‘மாட்டிப் பாரு, நடுரோட்டுல நிக்கும்’ என்கிறது எதிர் கோஷ்டி. ஃப்யூயல் டியூனிங் மாட்யூல் விஷயத்தில் எந்த கோஷ்டி சொல்வது நிஜம்?

சாயங்காலம் ஆறு மணி. மேடவாக்கத்தில் திரும்பி, பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போகிற ரோட்டில் நீங்கள் ஊர்ந்துகொண்டு இருக்கிறீர்கள். முன்னால் ஷேர் ஆட்டோ, பக்கத்தில் ஐ.டி. கம்பெனி பஸ், பின்னால் தண்ணி லாரி. ரெண்டாவது கியர். ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறந்தால் வண்டி ‘டக்’கென்று முன்னால் குத்துகிறது. மூடினால் ‘டக்’கென்று பிடித்து இழுக்கிறது. பின்சீட் நண்பரின் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் கோயில் மணி அடிக்கிறது.

மறுநாள் கேன்டீனில் புலம்பினால், கண்டிப்பாக ஒருத்தர் சொல்வார்: ‘‘இதுக்கெல்லாம் சர்வீஸ் சென்டர்ல மருந்து கிடையாது பாஸ். ஒரு மாட்யூல் வாங்கி மாட்டு. சும்மா வெண்ணெய் மாதிரி போவும்!’’

வெண்ணெய் மாதிரி போகுமா? சில வண்டிகளில் போகும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது மட்டும் கிடையாது. மழையில், வெயிலில், பள்ளத்தில், ஆறு மாசம் கழித்தும் அப்படியே போகுமா? பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசை எண்ணி வைப்பதற்கு முன்னால், அந்த டப்பா உள்ளே என்னதான் செய்கிறது என்று கொஞ்சம் காது கொடுங்க.

அப்பா காலத்து பைக்கில் கார்புரேட்டர். பிக்கப் இல்லையா? தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அரைத் திருப்பு திருப்புவார். ஜெட் மாற்றுவார். முடிந்தது டியூனிங். 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. வந்தபோது இந்திய டூவீலரில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் நுழைந்தது. 2007-ல் பல்சர் 220, 2008-ல் ஆர்15, 2009-ல் கிளாசிக் 500 என்று பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அது கிடைத்தது. 2020 ஏப்ரல் 1-ம் தேதி பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்ததும் கதை மாறியது. சாதாரண கம்யூட்டர் பைக்குக்கும் இன்ஜெக்டர், இ.சி.யூ., சைலன்சரில் ஆக்ஸிஜன் சென்சார். மெக்கானிக் அண்ணனின் ஸ்க்ரூ டிரைவருக்கு அங்கே வேலை இல்லை.

இ.சி.யூ.வின் வேலை ரொம்ப சிம்பிள். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்து, இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறந்து வைக்கலாம் என்று முடிவு செய்யும். சிங்கிள் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 9,000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் ஒரு நொடிக்கு 75 தடவை இந்த முடிவை எடுக்கணும். நாம் செமஸ்டருக்கு ஒரு முடிவு எடுக்கவே திணறுகிறோம்!

சுத்தமான பெட்ரோலுக்குக் கணக்கு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இந்த அளவில் எரிந்தால்தான் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காகப் புகையைச் சுத்தம் செய்யும். ஆனால் இன்ஜினுக்கு அதிக பவர் கிடைப்பது இன்னும் கொஞ்சம் பெட்ரோல் கூடினால்தான், அதாவது 13-க்கு ஒன்று என்கிற பக்கத்தில். கம்பெனிக்காரர்கள் புகை விதிக்காக முதல் கணக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் மெதுவாகப் போகும்போது சில வண்டிகள் வறண்டு போய் ஜெர்க் அடிக்கின்றன. மாட்யூல்காரர்களின் மொத்த பிசினஸும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

மாட்யூல் என்று கடையில் விற்பதெல்லாம் ஒரே சரக்கு கிடையாது. அடிமட்டத்தில் ரெசிஸ்டர் பிளக். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒயரில் இதைச் செருகினால், 38 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியின் இ.சி.யூ.வுக்கு ‘இப்போ 18 டிகிரிதான்’ என்று பொய்த் தகவல் போகும். ‘ஓஹோ, கொடைக்கானல்ல இருக்கோம் போல, காத்து அடர்த்தியா இருக்கும்’ என்று நம்பி அது ஆறேழு சதவிகிதம் பெட்ரோலைக் கூட்டித் தெளிக்கும். வெளிநாட்டில் இதையே சுற்றியுள்ள வெப்பத்துக்கு ஏற்ப ஒழுங்காகக் கணக்குப் போட்டு விற்பவர்கள் உண்டு. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ‘பவர் சிப்’ என்று வருவதைப் பிரித்துப் பார்த்தால், பல சமயம் உள்ளே ஒரு ரெசிஸ்டர் மட்டும் அனாதையாகக் கிடக்கும். அதை வாங்குவதற்கு நாலு பிரியாணி சாப்பிடலாம்.

அடுத்தது, நாம் பேச வந்த அசல் மாட்யூல். இது இ.சி.யூ.வுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்காரும். இ.சி.யூ. ‘3 மில்லி செகண்ட் திற’ என்று சொன்னால், இது நடுவில் புகுந்து ‘3.2 திற’ என்று மாற்றிச் சொல்லும். அமெரிக்காவின் டைனோஜெட் கம்பெனி தயாரிக்கும் பவர் கமாண்டர் இந்த ரகத்தில் உலகப் பிரபலம். நம்ம பக்கத்தில் பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் ஃப்யூயல்எக்ஸ், பவர்ட்ரானிக் இரண்டும் புல்லட், கே.டி.எம். ஓட்டுகிற பசங்களுக்கு மனப்பாடம். பவர்ட்ரானிக் பெட்ரோலோடு நிற்காமல் ஸ்பார்க் அடிக்கிற நேரத்தையும் மாற்றும். மூன்றாவது வழி, டப்பாவே இல்லாமல் இ.சி.யூ.வுக்குள் இருக்கும் புரோகிராமையே மாற்றுவது. ஒயர் இல்லை, அதனால் ஒயர் கழன்று வண்டி நிற்கப்போவதில்லை. ஆனால் அரைகுறை ஆசாமி கையில் லேப்டாப் கிடைத்தால் இ.சி.யூ.வே செத்த பாம்பாகிவிடும். சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் மாற்றியதெல்லாம் அழியவும் வாய்ப்பு இருக்கிறது.

சரி, அண்ணன் தம்பி சண்டைக்கு வருவோம்.

நிதானமாக ஓட்டும்போது இ.சி.யூ. கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோல் ஊற்றுவதில்லை. ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சென்சார் 0.9 வோல்ட் பக்கம் காட்டினால் பெட்ரோல் அதிகம், 0.1 பக்கம் போனால் குறைவு. உடனே திருத்தும். இப்போது நடுவில் மாட்யூல் வந்து பத்து சதவிகிதம் கூட்டுகிறது. சென்சார் போட்டுக் கொடுக்கும். இ.சி.யூ. குறைக்கும். மாட்யூல் கூட்டும். இ.சி.யூ. இன்னும் குறைக்கும். ‘போட்ட அன்னிக்கு சூப்பரா இருந்துச்சு, ஒரு மாசத்துல பழைய குருடி கதவைத் திறடி ஆயிடுச்சு’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இ.சி.யூ. கற்றுக்கொண்டு மாட்யூலை ஜெயித்துவிட்டது, அவ்வளவுதான். திருத்தத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதையும் தாண்டினால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும்.

இந்தச் சண்டையை நிறுத்த, நல்ல மாட்யூல்கள் சென்சார் சிக்னலையும் சேர்த்துக் கையாளும். மட்டமான வழி ஒன்று இருக்கிறது. சென்சாரைக் கழற்றிவிட்டு, இ.சி.யூ.வை ஏமாற்ற ஒரு டம்மி பிளக்கைச் செருகுவது. அதோடு வண்டிக்குக் கண் போச்சு. பெட்ரோல் அதிகமாகப் போகிறதா, குறைவாகப் போகிறதா என்று சொல்ல ஆளே இல்லை.

இது இன்றைக்கு ஏன் முக்கியம் தெரியுமா? பங்க்கில் நீங்கள் போடுவது இப்போது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குக் கணக்கு ஒன்றுக்கு 9 பங்கு காற்றுதான். 10 சதவிகிதக் கலப்பில் சுமார் 14.1 ஆக இருந்த அளவு, 20 சதவிகிதக் கலப்பில் 13.5 பக்கம் இறங்கிவிடும். அதாவது அதே காற்றுக்குச் சுமார் 4 சதவிகிதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். சென்சார் இருக்கிற வண்டி இதைத் தானே கண்டுபிடித்துச் சரி செய்துகொள்ளும். சென்சாரைப் பிடுங்கிய வண்டி, நாலைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிய பழைய மேப்பை வைத்துக்கொண்டு வறட்சியாகவே ஓடும். ஃபுல் த்ராட்டிலில் வறட்சியாக ஓடினால் இன்ஜின் கொதிக்கும், ‘கிடுகிடு’வென்று தட்டும், எக்ஸாஸ்ட் வால்வ் கருகும். நேர்மாறாக பெட்ரோல் கூடிப்போனால் பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் மண்ணைக் கவ்வும், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் எரிந்து கன்வெர்ட்டரையே காலி செய்யும். ஆகவே ‘ஒரே மேப், எல்லா வண்டிக்கும்’ என்று விற்பவரிடம் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

நடுரோட்டில் நிற்கிற கதை

டப்பாவே புகைந்து செத்துப்போவது குறைவு. நல்ல கம்பெனி மாட்யூலின் சர்க்யூட்டைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். தண்ணீரும் அதிர்வும் சுலபமாக உள்ளே போகாது. தகராறு செய்வது பெரும்பாலும் அதன் வால்தான், ஒயரும் கப்ளரும்.

யோசித்துப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது இ.சி.யூ.வுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் இத்தனை ஜாயின்ட் என்று கணக்குப் பண்ணி, ரப்பர் சீல் போட்டு அனுப்புகிறார்கள். மாட்யூல் மாட்டியதும் அந்தப் பாதையில் புதுசாக இரண்டு ஜாயின்ட். கூடவே எர்த் ஒயர் ஒன்று. மேப் மாற்றும் சுவிட்ச்சை ஹேண்டில்பாருக்கு இழுத்தால் அது வேறு. சிங்கிள் சிலிண்டர் வண்டியில் அந்த இரண்டு ஜாயின்ட்டில் ஒன்று விட்டுப்போனால் பெட்ரோல் வராது. தடுமாறி, இருமி, எச்சரித்து நிற்கும் பழக்கமெல்லாம் இல்லை. பட்டென்று ஆஃப்! (650 ட்வின் ஓட்டுகிற புண்ணியவான்களுக்கு ஒரு சிலிண்டர் விட்டுப்போனாலும் இன்னொன்று வீடு வரை நொண்டியடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.)

துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் ரோட்டில் 70-ல் போகும்போது ஒரு நொடிக்கு 19 மீட்டர் கடக்கிறீர்கள். அந்த வேகத்தில் இன்ஜின் ஆஃப் ஆகி, பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால்? ‘பவர் கூடுமா’ என்று கேட்கிற அதே குரலில் ‘எர்த் எங்கே கொடுப்பீங்க’ என்றும் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதனால்தான்.

எர்த் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கே நேராகப் போக வேண்டும். ஃப்ரேமில் பெயின்ட் மேல் ஒரு போல்ட்டில் மாட்டிவிட்டு ‘எல்லாம் இரும்புதானே தம்பி’ என்பவரை நம்பாதீர்கள். ஒயரின் தோலைக் கிழித்து உள்ளே கடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் இன்னும் மோசம். பாதி செம்பு இழையை அதுவே வெட்டிவிடும், மீதியை ஈரம் பச்சை பிடிக்க வைக்கும். நம்ம ஏரியாவுக்கு ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்து ரோடுகளில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீரில் கம்பெனி ஒயரிங்கே கதறும்போது, கடையில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் எம்மாத்திரம்? டப்பாவை சீட்டுக்கு அடியில் உயரமாக, ஒயர் வெளியே வருகிற வாய் கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தால், ஒயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் உள்ளே இறங்காது.

வண்டி அடைக்க ஆரம்பித்தால் அது எப்போது அடைக்கிறது என்று கவனியுங்கள். ஸ்பீடு பிரேக்கரில் குதிக்கும்போதும் ஹேண்டிலை ஒடிக்கும்போதும் விட்டு விட்டு வந்தால் லூஸ் கனெக்‌ஷன். வாட்டர் வாஷ் விட்ட மறுநாள் என்றால் ஈரம். தாம்பரத்திலிருந்து அரை மணி நேரம் டிராஃபிக்கில் உருட்டிய பிறகுதான் என்றால் சூடு. சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி: மாட்யூலைக் கழற்றி, வண்டியின் ஒரிஜினல் கப்ளர்களை ஒன்றோடொன்று சேர்த்து ஓட்டிப் பார்ப்பது. தகராறு தொடர்ந்தால் மாட்யூல் நிரபராதி. ஆனால் கழற்றிய அன்றே தீர்ப்பு எழுதாதீர்கள். இத்தனை நாள் குறைத்துக் குறைத்துப் பழகிய இ.சி.யூ. பழைய நிலைக்கு வர கொஞ்ச தூரம் ஓடியாக வேண்டும். அதுவரை வண்டி இன்னும் மோசமாகத்தான் இழுக்கும்.

மாட்டுவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அந்த ‘டக் டக்’ ஜெர்க்குக்கு நிஜமான காரணம் செயின் லூஸாகக்கூட இருக்கலாம். ஆக்ஸிலேட்டர் கேபிளில் ஆட்டம் அதிகம், த்ராட்டில் பாடியில் கரி, ஏர் ஃபில்டரில் புழுதி, பிளக் தேய்ந்தது, பாட்டரி இறங்கியது... இதில் எதுவும் ஜெர்க் அடிக்கும். பெரும்பாக்கம் மாதிரி ஓயாமல் கட்டடம் எழும்புகிற ஏரியாவில் ஏர் ஃபில்டர் சீக்கிரமே செம்மண் கலருக்கு வந்துவிடும். இதையெல்லாம் சரி பண்ண ஆகிற செலவு மாட்யூலில் ஒரு துண்டு. அதற்கு அப்புறமும் ஜெர்க் இருந்தால் டப்பாவைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொரு கசப்பு மாத்திரை: சைலன்சர், ஏர் ஃபில்டர் எதையும் மாற்றாத வண்டியில் மாட்யூல் மட்டும் போட்டு பவர் எகிறும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிளாசிக் 350-ன் பவர் 20.2 பி.ஹெச்.பி. உள்ளே வருகிற காற்று அதேதான் என்றால் பெட்ரோலை மட்டும் கூட்டி அதை 25 ஆக்க முடியாது. கிடைப்பது ஓட்டுவதில் ஒரு மென்மை, ஜெர்க் குறைவது, கொஞ்சம் சூடு குறைவது. இதுவும் நல்ல விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் பெரிய ஏர் ஃபில்டரும் போட்டவர்களுக்கு நிலைமை வேறு. காற்று கூடியதால் பெட்ரோலும் கூடியே ஆகணும். அங்கே மாட்யூல் சேஃப்டி சமாச்சாரம். ரேஸ் டிராக்கில் இதெல்லாம் சகஜம். ரோட்டில் அப்படி இல்லை.

ஹார்லி கட்டிய அபராதம்

ரோட்டில் ஏன் அப்படி இல்லை என்பதற்கு ஒரு பெரிய சாட்சி, ஹார்லி டேவிட்சன். தன் கஸ்டமர்களுக்கு ‘சூப்பர் டியூனர்’ என்ற கருவியை அந்தக் கம்பெனியே விற்றது. 2008-லிருந்து சுமார் 3,40,000 கருவிகள். வண்டியின் புகை அளவை அனுமதித்ததற்கு மேல் இது ஏற்றுகிறது என்று அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு பிடித்துக்கொண்டது. ‘ரேஸுக்கு மட்டும்தான் விற்கிறோம்’ என்று கம்பெனி சொன்ன சமாதானம் எடுபடவில்லை. 2016 ஆகஸ்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம், விற்பனை நிறுத்தம், டீலர்களிடம் மிச்சமிருந்த கருவிகளைத் திரும்ப வாங்கி அழிப்பது என்று முடிந்தது.

நம்ம ஊரில்? 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் ஒரிஜினல் அமைப்பிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டும் என்கிறது. புகை, சத்த விதியை மீறினால் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாசத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பும் வரலாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் டப்பாவை டிராஃபிக் போலீஸ் குனிந்து தேட மாட்டார்தான். ஐடிலிங்கில் பெட்ரோலைக் கூட்டி வைத்த வண்டியை பொல்யூஷன் செக்கிங் மெஷின் காட்டிக் கொடுத்துவிடும்.

வாரன்டி விஷயமும் இருக்கிறது. சர்வீஸுக்கு முதல் நாள் ராத்திரி டப்பாவைக் கழற்றி ஒளித்து வைக்கிற ஐடியா நம்ம பசங்களிடம் ரொம்ப பிரபலம். ஆனால் பல புது வண்டிகளின் இ.சி.யூ. தன் ஃபால்ட் கோடுகளைப் பத்திரமாக ஞாபகம் வைத்திருக்கும். சர்வீஸ் சென்டர் ஸ்கேனரைச் சொருகினால் ‘கலவை அளவு எல்லை மீறியது’ என்று புகார் பெட்டி திறந்துகொள்ளும். பெரும்பாக்கத்துக்கு அடுத்த சோழிங்கநல்லூரில்தான் ராயல் என்ஃபீல்டின் தலைமை அலுவலகமே இருக்கிறது. அவர்கள் ஊரிலேயே அவர்கள் வண்டியை வைத்து அவர்களையே ஏமாற்றுவது... வேண்டாமே!

இத்தனைக்குப் பிறகும் ‘வாங்கியே தீருவேன்’ என்பவர்களுக்கு: உங்கள் மாடலுக்கென்றே ஒரிஜினல் மாதிரி கப்ளரோடு வருவதை மட்டும் வாங்குங்கள். ஒரு ஒயரைக்கூட வெட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீரியல் நம்பர் போட்ட பில் கேளுங்கள். ஜி.பி. ரோட்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பில் இல்லாமல் வாங்கினால், ரிப்பேர் ஆனால் யார் சட்டையைப் பிடிப்பீர்கள்? மாட்டுவதற்கு முன்னால் ஒரே ரூட்டில் மூன்று தடவை டேங்க் ஃபுல் பண்ணி மைலேஜ் எழுதி வையுங்கள், மாட்டிய பிறகும் அதே மாதிரி. 500 கிலோமீட்டர் போனதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் கலரில் இருந்தால் நல்லது. கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், மேப்பை ஒரு படி இறக்குங்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் வண்டியை உடனே டியூனரிடம் கொண்டுபோங்கள்.

கடையில் மாட்டும்போது பக்கத்திலேயே நின்று, எந்த இரண்டு கப்ளரைப் பிரித்தார்கள் என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டிலும் சிவப்பு டேப் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். என்றைக்காவது ராத்திரி பதினொரு மணிக்கு, செம்மொழிச் சாலையில் வண்டி பட்டென்று நின்றால், ஓரமாகத் தள்ளி நிறுத்தி, இக்னிஷனை ஆஃப் பண்ணி, சீட்டைத் திறந்து, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் சிவப்பையும் சிவப்பையும் ‘க்ளிக்’ சத்தம் கேட்கச் சேர்க்க ஐந்து நிமிஷம் போதும்.